ஐந்து பேர் நின்ற படம்

புனேவில் நம் தாபோடிக் குடியிருப்பில் வளர்ந்த உங்களுக்கு, எங்கள் வீட்டு முன்னறையில் கோட்டும் டையுமாகப் படத்தில் தொங்கிய ஆளை ஞாபகம் இருக்கும். எங்கள் பெரியப்பா. அவர் வாழ்நாளில் கோட்டு போட்டதே கிடையாது. ராணுவத்தில் லாரி ஓட்டியவர். முதலில் காக்கி, பென்ஷன் வாங்கிய பிறகு கைலியும் பனியனும், வெளியே போனால் மேலே ஒரு சட்டை, அவ்வளவுதான் அவர் போட்ட துணி. உங்களில் ஒருத்தி, பெயர் சொல்ல மாட்டேன், "உங்க பெரியப்பா பேங்க் மேனேஜரா?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். விளக்கம் சொல்கிற தெம்பு அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

இப்போது நமக்கெல்லாம் முட்டி வலி வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் பழைய படங்களைப் போட்டு இது யார், அது யார் என்று அடித்துக்கொள்கிறோம். போன வாரம் நம்மில் ஒருவர் ஆறாம் வகுப்புக் குழுப் படத்திலிருந்து தன் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் போட்டிருந்தார். நீங்கள் எல்லோரும் பூப்போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை, கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. அந்த வெட்டைப் பார்த்ததும் வேறு ஒரு வெட்டு ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற ஊர். போனவர்கள் திரும்பி ஊருக்கே வருவார்கள். பெரியப்பா மட்டும் தம்பியைத் தேடிப் புனேவுக்கு வந்தார். அப்பாவுக்குப் பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. பெரியப்பா கொஞ்ச நாள் சாகண் பக்கம் டெம்போ ஓட்டினார். முட்டி போனதும் வீட்டோடு இருந்துவிட்டார்.

அவரோடு ஆட்டோவில் போவது எனக்குப் பிடிக்கும். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் எது குறுக்கே வந்தாலும் வலது காலால் தரையை அழுத்துவார். "பிரேக்கு அங்க இல்ல பெரிப்பா" என்பேன். "தெரியும் பாப்பா. கால் கேக்க மாட்டேங்குது" என்பார். சாப்பிட்ட தட்டை யாரையும் கழுவ விடமாட்டார். அம்மாவுக்கு அதில் ஒரு வருத்தம். "நான் என்னா, கழுவ மாட்டேன்னா சொன்னேன்?" என்று அப்பாவிடம் முணுமுணுப்பாள்.

அவரிடம் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருந்தது. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர். திறந்தால் ரசகற்பூரமும் பூட் பாலிஷும் கலந்து ஒரு வாசனை வரும். பாலிஷ் டப்பா காலியாகி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த வாசனை போகவில்லை. மூடியின் உள்பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது. போஸ்ட் கார்டு அளவு, ஓரத்தில் வெள்ளை விளிம்பு. எழுபத்தொன்றாம் வருஷப் போரில் யாரோ ஒரு ஆபீசர் எடுத்தது. சேற்றில் நிற்கிற ஒரு லாரி. அதற்கு முன்னால் ஐந்து பேர். ஒருவர் தலையில் துண்டு கட்டியிருப்பார். ஒருவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பார். ஒருவர் கையில் எனாமல் மக். ஒருவர் சிரித்துத் தலையை ஆட்டியதில் முகம் கலைந்துபோயிருக்கும். நடுவில் பெரியப்பா, ஒட்டிய கன்னமும் அரைகுறை மீசையுமாக.

அவர் சட்டை எடுக்கப் பெட்டியைத் திறக்கும்போதுதான் நான் அதைப் பார்ப்பேன். காட்டுங்கள் என்று கேட்டால் காட்டமாட்டார்.

"இவங்கல்லாம் இப்ப எங்க பெரிப்பா?"

"அவங்கவங்க ஊர்ல இருக்காங்க."

சோறு பரிமாறிக்கொண்டிருந்த அம்மா விடமாட்டாள். "கூடப் பட்டாளத்துல இருந்தவங்க, ஒரு கல்யாணம் காட்சிக்குப் பத்திரிகை கூட அனுப்ப மாட்டாங்களா?"

"அனுப்புவாங்க" என்பார் பெரியப்பா. ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார். இது ஒரு முறை இல்லை, பல முறை நடந்தது. அப்பாவும் கேட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். எங்களுக்கு அந்த நால்வரும் எங்கேயோ பேரன் பேத்தி எடுத்து, நன்றாக இருக்கிறவர்கள்.

நான் ஆறாவது முடித்த கோடை. ஒரு நாள் பென்ஷன் விஷயமாகப் போய்விட்டு வந்த பெரியப்பா, நேராகப் பெட்டியைத் திறந்து அந்தப் படத்தைப் பிரித்தெடுத்தார். தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஓரம் கிழியாமல் எடுக்க மத்தியானம் முழுக்க ஆனது. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கட்கி பஜாரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனார். படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்குள் வைத்திருந்தார்.

அதே மாதிரி இன்னொரு காப்பி வேண்டும் என்றார். ஸ்டுடியோக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, காப்பி எடுக்கிற காமிரா கேம்ப் ஏரியாவில் இருக்கிற கடையில்தான், விட்டுவிட்டுப் போங்கள், ஒரு வாரம் ஆகும் என்றார். பெரியப்பா, நானே அந்தக் கடைக்கு எடுத்துப் போகிறேன், கண் முன்னால் எடுத்துத் தருவார்களா என்று இந்தியில் கேட்டார். அங்கேயும் வாங்கி வைத்துக்கொள்வார்கள் பாவுஜி, வேலை வரிசையில்தான் நடக்கும் என்றார் அவர். பெரியப்பா கையை நீட்டினார். படம் திரும்பச் சட்டைக்குள் போய்விட்டது.

வெளியே வந்து எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். "கையை வுட்டுப் போயி திரும்பி வரலன்னா என்னா பண்றது? அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். யாருக்குக் காப்பி என்று நான் கேட்கவில்லை. பதினொரு வயசுக்கு அது தோன்றவில்லை.

ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார். காலையில் டீ குடித்துவிட்டு, மழையைப் பார்த்தபடி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்படியே போய்விட்டார். மழை நிற்கவே இல்லை. கட்டை நனைந்துபோய் மயானத்தில் சிரமப்பட்டார்கள் என்று அப்பா பிறகு சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் தட்டை அம்மா கழுவி வைத்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரிலிருந்து அத்தை வந்தாள், அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. காரியத்துக்குப் படம் வேண்டும். பெரியப்பா படமே எடுத்துக்கொண்டதில்லை. பென்ஷன் புத்தகத்தில் இருந்ததில் சீல் விழுந்து பாதி முகம் காணோம். மிச்சம் இருந்தது லாரிப் படம்தான்.

அப்பா போய்க் கேட்டபோது ஸ்டுடியோக்காரர் பெரிய மனசோடு, வெட்டவெல்லாம் வேண்டாம், அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக எடுத்துவிடலாம் என்றுதான் சொல்லியனுப்பினார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. நம் வீடுகளில் உங்களுக்குத் தெரியும், மாலையும் பொட்டும் போனவர்கள் படத்துக்குத்தான்; உயிரோடு இருக்கிறவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவே கூடாது. அத்தை அதற்கும் மேலே ஒரு படி போனாள்.

"ஒரே காயிதத்துல செத்தவனும் உயிரோட இருக்கறவங்களும் நிக்கலாமா? அவங்களுக்கு ஆவாதுடா. நாலு வீட்டுப் பொம்பளைங்க தாலி. நமக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

 அப்பா என் பள்ளிக்கூட மர ஸ்கேலைக் கேட்டு வாங்கினார். முகம் மழிக்கிற பிளேடைப் பாதியாக ஒடித்து, பலகையின் மேல் படத்தை வைத்து, பெரியப்பாவின் இரண்டு பக்கமும் நேர்கோடாக வெட்டினார். பழைய கெட்டிக் காகிதம், ஒரே இழுப்பில் வரவில்லை. அவர் அவசரப்படவில்லை. அந்த நால்வர் முகத்திலும் ஒரு கீறல் படக்கூடாது என்று அவ்வளவு கவனம். முடிந்ததும் இரண்டு துண்டுகளையும் அம்மா சோற்றுப் பசை தடவி, பெட்டி மூடியில் பழைய இடத்திலேயே ஒட்டினாள். "நல்லா இருக்கட்டும்" என்றாள்.

நடுத் துண்டு ஸ்டுடியோவுக்குப் போனது. பெரிதாகித் திரும்பி வந்தபோது பெரியப்பாவுக்குக் கோட்டு, டை, சிவந்த உதடு. மரியாதையாக இருக்கட்டும் என்று வரைந்தாராம். அத்தைக்குத் திருப்தி. அப்பா அதை மாட்டிவிட்டுப் பார்க்காமலே வேலைக்குப் போனார்.

காரியம் முடிந்த மறுநாள் அத்தை வீட்டை ஒழித்தாள். போனவர் துணிமணி வீட்டில் இருக்கக்கூடாது. சட்டைகளை யார் யாருக்கோ கொடுத்தாள். பெட்டி அடியில் துரு ஓட்டை விழுந்திருந்தது. தெருவில் "பங்கார்" என்று கத்திக்கொண்டு போன பழைய இரும்புக்காரனிடம் அதைக் கொடுத்தாள். காலிப் பெட்டி, சாத்தியிருந்தது. கொடுக்கும்போது திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மா சமையல் கட்டில் இருந்தாள். அப்பா ஷிப்டில். நான் பள்ளிக்கூடத்தில்.

கணபதியைக் கரைத்து முடித்து, மராத்திக்காரர்கள் மகாளய பட்சத்துக்குப் படையல் போடத் தொடங்குகிற நாட்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டி ஒரு மராத்திப் பெண் நின்றாள். இருபத்தைந்துக்குள் இருக்கும். செருப்பெல்லாம் சேறு. நாராயண்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். அவள் மராத்தியும் இந்தியுமாகப் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்; சித்தப்பாவுக்கு அவள் சொன்ன காகாவையும் அம்மாவுக்குச் சொன்ன ஆயியையும் மட்டும் அப்படியே விடுகிறேன்.

"மதராசி டிரைவர் காகா வீடு இதுதானா?"

அம்மா சுவரைக் காட்டினாள். அந்தப் பெண் மாலையைப் பார்த்தாள், கைகூப்பினாள். நாற்காலியைக் காட்டியும் தரையில்தான் உட்கார்ந்தாள். பையிலிருந்து தக்காளியை எடுத்து ஓரமாக வைத்தாள். தோட்டத்தில் விளைந்தது என்றாள். அப்பா வரும்வரை காத்திருந்தாள்.

அப்பா வந்ததும்தான் விஷயத்தை ஆரம்பித்தாள். கோடையில் அவளும் அவள் ஆயியும் பென்ஷன் பேப்பரில் ஒரு குளறுபடியைச் சரிசெய்யப் புனேவுக்கு வந்திருக்கிறார்கள். வரிசையில் அவள் அப்பா பெயரைச் சொல்லி, அவருடைய விதவை யார் என்று கூப்பிட்டபோது, பின்னால் நின்ற பெரியப்பா முன்னால் வந்து ஆயியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாராம். வரிசை நகர்ந்தும் விடவில்லையாம்.

"எங்கப்பாவோட ஒரே இடத்துல லாரி ஓட்டினவராம். படம் ஒண்ணு இருக்கு, காப்பி எடுத்துத் தர்றேன்னு விலாசம் கொடுத்தார். வரவே இல்லை. அதான் வந்தேன்" என்றாள். "காகா, நான் எடுத்துட்டுப் போக மாட்டேன். பார்த்தாப் போதும். எங்கப்பா முகத்தை நான் பார்த்ததில்லை. அவர் போனப்ப நான் ஆயி வயித்துல. பட்டாளத்துலேருந்து ஒரு போட்டோ வந்தது. கூரை ஒழுகி வெள்ளையாப் போச்சு. இந்தப் பட்சத்துக்குப் படையல் போடறப்ப முகம் பார்த்துப் போடணும்."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "உங்கப்பா இல்லையா?"

"யாருமே இல்லை காகா. அன்னைக்கு உங்க அண்ணனுக்குக் காய்ச்சல், படுத்திருந்தாராம். மத்த நாலு பேரும் வண்டி எடுத்துட்டுப் போனாங்க. நாலு பேரும் திரும்பலை. அவர்தான் ஆயிகிட்டச் சொன்னார்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவருடைய இந்தி எப்போதும் ஓட்டைதான். அன்றைக்கு அதுவும் வரவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் என்று நினைத்தோம், அவர்களுக்குக் கெடுதல் வரக்கூடாது என்று வெட்டினோம், பெட்டியோடு போய்விட்டது என்று சொல்லி முடிக்க நேரம் ஆயிற்று. சொல்லச் சொல்ல அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் முழுவதும் கேட்டாள். சத்தம் போடவில்லை. "அப்போ இந்த வீட்டுல எங்கப்பா உயிரோட இருந்தாரா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் அப்பா. "அவங்கவங்க ஊர்ல இருக்காங்கன்னு அண்ணன் சொல்லும். நம்பிட்டோம்."

"நல்லது" என்றாள். இதில் என்ன நல்லது என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் முழுசாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன்.

ஸ்டுடியோக் கவரில் இருந்த நடுத் துண்டை அப்பா எடுத்துவந்து கொடுத்தார். வேறு என்ன கொடுப்பது? அவள் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "இது யார் கை?" என்றாள்.

மூன்று பேரும் குனிந்தோம். பெரியப்பாவின் வலது தோளில் நான்கு விரல்கள் இருந்தன. பக்கத்தில் நின்றவர் தோளில் கை போட்டிருந்திருக்கிறார். அப்பாவின் நேர்கோடு மணிக்கட்டோடு ஆளை வெட்டிவிட்டது, விரல்கள் மட்டும் இந்தப் பக்கம் தங்கிவிட்டன. அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆள் இருந்தவரை அந்தக் கை என் கண்ணில் பட்டதே இல்லை. சுவரில் இருந்த பெரிய படத்தில் கோட்டு அதை மூடியிருந்தது.

"அந்தப் பக்கம் யார் நின்னாங்க?" அவள் அப்பாவைக் கேட்டாள். அப்பாவுக்குத் தெரியவில்லை.

"சிரிக்கிறவர்" என்றேன் நான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எப்படி இருப்பார்?"

"முகம் சரியா விழல. ஆட்டிட்டார். பல்லு மட்டும் தெரியும்."

மற்ற மூன்று பேரையும் கேட்டாள். துண்டு கட்டியவர், கண்ணைச் சுருக்கியவர், மக் வைத்திருந்தவர். தெரிந்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "இதுல எங்கப்பா யாரு?" என்றாள். அந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. அம்மா அவளுக்கு டீ போட எழுந்து போனாள். துண்டை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று அப்பா சொன்னார். "விரலைப் பார்த்தா ஆயிக்குத் தெரியும்" என்று சொல்லி, கவரைப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். அப்பா பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டில் இருந்தது குறைவு. பிம்ப்ரி, காசர்வாடி என்று பழைய இரும்புக் கடைகளாகப் போய், கண்ணில் படுகிற டிரங்குப் பெட்டிகளையெல்லாம் திறந்து மூடியின் உள்பக்கத்தைப் பார்ப்பார். கையெல்லாம் துருவோடு வந்து சோப்புப் போட்டுக் கழுவுவார். கிடைத்ததா என்று அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். எஸ்டிடி பூத்திலிருந்து அத்தைக்கு விஷயத்தைச் சொன்னபோது நானும் கூட நின்றேன். "நான் நல்லதுக்குதானே சொன்னேன்" என்றாள் போலிருக்கிறது. "தெரியும்க்கா" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி எல்லோரும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வருஷங்கள் ஓடின. நீங்கள் பாதிப்பேர் கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போனீர்கள், நான் சாகணில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, பெரியப்பாவின் பழைய படைப்பிரிவிலிருந்து ஒரு இளம் ஆபீசர் வீட்டுக்குப் போன் செய்தார். போர்ப் படங்களுக்காக ஓர் அறை ஏற்பாடு செய்கிறார்களாம். தளபதிகள் படம் இருக்கிறது மேடம், பாலங்கள் படம் இருக்கிறது, லாரி ஓட்டினவர்கள் படம் ஒன்றுகூட இல்லை, உங்களிடம் ஏதாவது இருக்குமா என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணுகிட்டதான் இருக்கு" என்றார் அப்பா. "போயி காமிராவுல எடுத்துகினு வா. அதைக் கேக்காத. எடுத்துகினு மட்டும் வா."

சாகணிலிருந்து நாசிக் ரோட்டில் எஸ்டி என்கிற அரசு பஸ். அலுவலகத்தில் இரவல் வாங்கிய டிஜிட்டல் காமிரா. அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள், முன்நெற்றியில் நரை. ஆயி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு உள்ளே கூட்டிப்போனாள். சாமி மாடத்துக்குப் பக்கத்தில், சின்னச் சட்டத்தில், எங்கள் பெரியப்பா. கோட்டு இல்லை, டை இல்லை. ஒட்டிய கன்னம், அரைகுறை மீசை. சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கண்ணாடியில் குங்குமம் வைத்திருந்தது. பெரியப்பாவின் நெற்றியில் இல்லை. தோளில், அந்த விரல்களின் மேல்.

"ஆயி என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "அவர் கைதானா?"

"ரொம்ப நேரம் பார்த்தா. கல்யாணம் ஆகி ஒரே ஒரு லீவுதான் கூட இருந்தேன், நிமிர்ந்து முகத்தையே பார்த்ததில்லை, விரலை எங்கே பார்த்தேன்னு சொன்னா. அப்புறம் எழுந்து போய்க் குங்குமம் எடுத்துட்டு வந்தா." சொல்லிவிட்டு முந்தானை நுனியைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோனாள். "போட்டோ எடுக்கத் துடைச்சுத் தரட்டுமா? விரல் தெரியாதே."

வேண்டாம் என்றேன். இருந்தபடியே எடுத்தேன். அதைத்தான் அந்த ஆபீசருக்கு அனுப்பினேன்.